இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து ஐந்நூற்று இருபது பேசோ

சான் எலாடியோ சர்க்கரை ஆலை 2003 மே மாதம் 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஷிப்டின் சங்கோடு மூடப்பட்டது. அதற்குப் பிறகு பதினோரு வருடமும் அந்த ஊரில் அதிகம் புழங்கிய சொல் 'என்கேஷ்'. காசோலையை வங்கியில் நீட்டி நோட்டாக வாங்குவதற்கு அங்கே அதுதான் பெயர். வங்கிக்காரர்களின் சொல்தான். ஆனாலும் மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் அந்த நீக்ரோஸ் தீவில் கரும்பு வெட்டுகிறவன், மீன் விற்கிறவள், சேவல் சண்டைக்காரன் எல்லார் வாயிலும் அது உருண்டது. கல்யாணமாகிப் பத்தாம் மாதம் பிள்ளை பிறந்தால், "என்கேஷ் ஆயிடுச்சு" என்பார்கள். கப்பல் வேலைக்குப் போனவன் மோதிரத்தோடு திரும்பி வந்தால் காத்திருந்த பெண்ணைப் பார்த்தும் அதையே சொல்வார்கள். ஆலைத் தொழிலாளர் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிப்பு வராது. "நம்ம கேஸ் பரலோகத்துலதான் என்கேஷ் ஆகும்" என்று எச்சில் துப்பிவிட்டுப் போவார்கள்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் யூஃப்ரோனியோ தலும்பினெஸ். ஊரில் புரோனியோ. வயதில் இளையவர்களுக்கு 'நோங்' புரோனியோ, அதாவது அண்ணன்.

அவருடைய அப்பா அந்தீக்கெயிலிருந்து படகேறிக் கரும்பு வெட்ட வந்தவர். திரும்பிப் போகக் கூலி மிஞ்சாததால் அங்கேயே தங்கிவிட்டவர். புரோனியோ 1951இல் பிறந்தார். 1972 ஜனவரி 17, திங்கட்கிழமை, பாகு காய்ச்சும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆரம்பத்தில் தரை கழுவினார். ஆறாவது வருடம் கொப்பரைக்குப் பொறுப்பானார். பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கண்ணாடிக்குழாயும் அளவுகோலும் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தது எஞ்சினியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுந்தான். மற்ற நேரம் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுப்பார். இழை எவ்வளவு தூரம் அறாமல் வருகிறது என்பதுதான் கணக்கு. அந்த இரண்டு விரல்களின் நுனியிலும் ரேகை கிடையாது.

வழக்கில் நஷ்டஈடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று தீர்ப்பாயிற்று. புரோனியோவின் கடைசிச் சம்பளம் 6,920 பேசோ. முப்பத்தொரு வருடத்துக்கு 2,14,520. ஆனால் கம்பெனி கொடுத்த பட்டியலில் அவர் 1981இல் சேர்ந்ததாக இருந்தது. அவரிடமிருந்த வேலை நியமனக் கடிதமும் பழைய சம்பளச் சீட்டுகளும் 2006 மழையில், கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பாவுக்குள்ளேயே கூழாகியிருந்தன. தொலைந்த ஒன்பது வருடங்களை மீட்க அவருக்கு இரண்டு வருடமும் ஐந்து சாட்சிகளும் தேவைப்பட்டன. ஐவரில் ஒருவர் சாட்சி சொல்லிய மறுவாரம் செத்தும் போனார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் எந்தக் காகிதமும் வெறும் காகிதமாக இருக்கவில்லை. நகராட்சிக் கட்டடத்தின் மதிலோரம் குடை விரித்து உட்கார்ந்து ஜெராக்ஸ், லேமினேஷன் செய்து கொடுக்கும் பெபோத்திடம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். கல்யாணச் சான்று, மகள் ரோவேலாவின் பள்ளிச் சான்று, ஞானஸ்நானச் சீட்டு, கடைசியாகக் கட்டிய மின்கட்டண ரசீது. ஊரே அப்படித்தான். ஆனால் மின்கட்டண ரசீது வரை போனவர் அவர் ஒருவர்தான்.

"நோங், உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. பெரிய சைஸ் உறை வந்திருக்கு" என்பாள் பெபோத்.

குடியிருந்த வீடு அவருடையது. அது நின்ற மண் கம்பெனியுடையது. பத்துக்குப் பன்னிரண்டு மீட்டர், நூற்றிருபது சதுர மீட்டர். ஆலைக் குடியிருப்பை விற்கப் போவதாகவும், குடியிருப்பவர்களுக்கே முதல் உரிமை என்றும், ஒரு மனைக்கு 1,80,000 பேசோ என்றும், 2015 ஜனவரி 30 கடைசி நாள் என்றும் அச்சடித்த தாள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்திருந்தது. நஷ்டஈடு வந்ததும் மண்ணை வாங்கிவிடலாம் என்பது அந்த வரிசை வீடுகள் எல்லாம் போட்டிருந்த கணக்கு. புரோனியோவுக்கும் அவர் மனைவி ஹில்டாவுக்கும் அதைத் தவிர வேறு கணக்கே கிடையாது.

2014 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்கடியில் காசோலைகளைக் கொடுத்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார், தொழிற்சங்க வக்கீல் பேசினார், கம்பெனிக் காசாளர் டின்சாய் பேர் வாரியாகக் கூப்பிட்டார். புரோனியோவின் பேர் வந்தபோது மணி மூன்று இருபது. வங்கி மூன்று மணிக்கே பூட்டியாயிற்று.

நெஸ்டோர் பபலினாஸ் அவரோடு ஒரே கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். ரோவேலாவுக்கு ஞானத்தந்தை. அந்த உறவு ஏற்பட்ட நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் 'பாரே' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"பாரே, நேத்து வரைக்கும் நாம பிச்சைக்காரங்க. இன்னிக்குப் பணக்காரங்க, ஆனா கையில பத்துக் காசு இல்ல" என்றார் நெஸ்டோர்.

"திங்கக்கிழமை வரைக்கும்தானே."

"மூணு ராத்திரி இருக்கே! ரேடியோல புயல்ங்கறான். எங்க வச்சுப்ப?"

"பார்த்துக்கலாம்."

"டவுசருக்குள்ள வச்சுக்க. அங்க எவனும் தேடமாட்டான். ஹில்டாவே தேடறதில்லயாம்."

பின்னாலிருந்த ஹில்டா நெஸ்டோரின் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். புரோனியோவும் சிரித்தார். ஆனால் கண் வானத்தின் மேலிருந்தது. அவர் நேராக நகராட்சி மதிலுக்கு நடந்தார்.

பெபோத் காசோலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நோங், இது செக்காச்சே."

"ஆமா."

"இதுக்குப் போடலாமா?"

"என் சீனியர் கார்டுக்கு நீதானே போட்டே? பேங்க்ல அதைத்தானே கேக்கறான். லேமினேஷன் இல்லாத கார்டைக் கொண்டுபோனா மூஞ்சியைச் சுளிக்கறான்."

"அதுவும் சரிதான்." பெபோத் இயந்திரத்தைச் சூடேற்றினாள். "பெரிய தொகை நோங். ரெண்டு தடவை உள்ள விடறேன். காசு ஒரு தடவைக்குத்தான்."

இருபத்தைந்து பேசோ கொடுத்தார். சூடாக வெளியே வந்த காசோலையை ஆறும் வரை உள்ளங்கையில் படுக்கவைத்திருந்தார்.

சனிக்கிழமை இரவு முழுக்கப் பெய்தது. ஞாயிறு காலை எழுந்து பார்த்தால், குழந்தை இயேசு சிலையின் மேல் கூரை ஒழுகி, அதன் காலடியில் வைத்திருந்த காசோலை தண்ணீரில் கிடந்தது. புரோனியோ அதை எடுத்துத் துண்டால் ஒரு துடை துடைத்தார். ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை.

"பாத்தியா?" என்றார் ஹில்டாவிடம்.

"பாத்தேன், பாத்தேன். பெரிய மூளைக்காரன்தான்" என்று ஹில்டா சொன்னாள். அன்று காலை அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை வங்கி வாசலில் ஒன்பது மணிக்கு நூற்றுக்கும் மேல் கூட்டம். புரோனியோவின் முறை வரப் பதினொன்று நாற்பதாயிற்று. கவுண்டரில் ஜோவலின் என்ற பெண். அவள் காசோலையை வாங்கினாள். வாங்கிய விரல்கள் கண்ணாடித் தட்டின் மேல் அப்படியே நின்றன.

"நோங், இதை யாரு இப்படிப் பண்ணினது?"

"நான்தான்" என்றார் புரோனியோ பெருமையாக.

ஜோவலின் எழுந்து உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தாள். மேலாளர் இளைஞர், நல்ல மாதிரி. புரோனியோவை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"நோங், இந்த வருஷம் நீங்க மூணாவது ஆள். முதல் ரெண்டு பேரும் சின்னத் தொகை."

"ஏன் சார், செக்கு நல்லாத்தானே இருக்கு? மழையில கிடந்தும் ஒண்ணும் ஆகல."

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா என்கேஷ் பண்ண முடியாது." அவர் காசோலையைத் திருப்பி வைத்தார். "முன்பக்கம் கம்பெனி 'தர்றேன்'னு சொல்லுது. பின்பக்கம் நீங்க கையெழுத்துப் போட்டு 'வாங்கிக்கிட்டேன்'னு சொல்லணும். அப்பதான் நான் நோட்டு எடுத்துக் கொடுக்க முடியும். நீங்க சொல்ல வேண்டிய இடத்தையே மூடிட்டீங்களே."

"மார்க்கர் பேனாவுல போடறேன். பிளாஸ்டிக் மேல எழுதும்."

"துடைச்சா போயிடும் நோங். மேலே பிளாஸ்டிக்ல இருக்கற கையெழுத்து காகிதத்துல இருக்கற கையெழுத்து ஆகாது. கம்பெனிகிட்டப் போய் வேற செக்கு கேளுங்க. பணம் எங்கயும் போகாது, கணக்குல இருக்கு."

வெளியே நெஸ்டோர் தடித்த பழுப்பு உறையோடு நின்றிருந்தார். இரண்டு சுட்ட கோழி வாங்கியிருந்தார், ஒன்று புரோனியோவுக்கு. விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பாரேயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரித்துவிட்டது.

அன்று பிற்பகல் புரோனியோ இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

"வேண்டாம் புரோனி" என்றாள் ஹில்டா. "மேனேஜர் வேற செக்கு வாங்கச் சொன்னாரில்ல? அதை அப்படியே விடு."

"சூட்டுல ஒட்டினது சூட்டுல விடும்."

"விடும். எதோட விடும்னு உனக்குத் தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷம் சூட்டோட நின்னவன் நான். எனக்குச் சூடு தெரியாதா?"

துண்டை நான்காக மடித்து மேலே போட்டு இஸ்திரியை வைத்தார். ஓரம் நெகிழ்ந்தது. நகத்தால் கிளப்பினார். பிளாஸ்டிக் மெதுவாக, அறாமல், நன்றாகவே உரிந்து வந்தது. உரிந்து வந்த பிளாஸ்டிக்கின் அடியில் கம்பெனியின் கையெழுத்தும் தொகையின் முதல் இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. காகிதத்தில் மிச்சமிருந்தது 4,520.

ஹில்டா இஸ்திரியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள், டிசம்பர் 2, காசாளர் டின்சாயின் அறை. டின்சாய் இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்துப் பார்த்தார்.

"புதுசு கொடுத்துடலாம். ஒரு ஃபார்ம் இருக்கு. 'காசோலை தொலைந்துவிட்டது'ன்னு நோட்டரிகிட்டப் பிரமாணப் பத்திரம் வாங்கிட்டு வாங்க. செபு தலைமை ஆபீசுக்கு அனுப்புவோம், ரெண்டு டைரக்டர் கையெழுத்து. பதினஞ்சு, பதினாறு நாள்."

"சார், தொலையலையே. இதோ இருக்கே."

"ஃபார்ம் அப்படித்தான் இருக்கு நோங்."

"லேமினேஷன் பண்ணிக் கெட்டுப் போச்சுன்னு எழுதறேன். அதுதானே நடந்தது?"

"அதுக்கு ஃபார்ம் இல்ல."

புரோனியோ தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "சார், மனைக்கான பணத்தையும் உங்ககிட்டத்தானே கட்டணும்? என் பணத்துலேயே ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொடுத்தா போதுமே."

"ஆலை ஒரு கம்பெனி, நிலம் வேற கம்பெனி."

"ரெண்டுக்கும் முதலாளி ஒரே ஆளில்லயா?"

"ஆள் ஒண்ணுதான் நோங். கணக்கு வேற." டின்சாய் மேசையின் இடது இழுப்பறையைத் தட்டினார், பிறகு வலதைத் தட்டினார். "இது ஆலை. இது நிலம்."

சங்க வக்கீலின் அலுவலகம் ரொட்டிக்கடை மாடியில் இருந்தது. எல்லாரும் அவரை 'அட்டர்னி' என்றே கூப்பிடுவார்கள். அட்டர்னி பிரமாணப் பத்திரத்தை ஐந்து நிமிடத்தில் தட்டச்சு செய்து பேனாவையும் நீட்டினார்.

"போடுங்க நோங். நூத்தைம்பது பேசோ, உங்களுக்கு நூறு."

புரோனியோ படித்தார். காசோலை தன் கைவசத்திலிருந்து தொலைந்துபோனதாகவும், விடாது தேடியும் கிடைக்கவில்லை என்றும், இது கடவுளறிய உண்மை என்றும் இருந்தது. காசோலை அவர் சட்டைப்பையில் இருந்தது.

"அட்டர்னி, இது பொய்."

"பொய்தான். சம்பிரதாயப் பொய்."

"நான் எழுபத்திரண்டுல சேர்ந்தேன், எண்பத்தொண்ணுலன்னு கம்பெனி சத்தியம் பண்ணினப்போ நீங்கதானே கோர்ட்ல கத்தினீங்க? ஒரு பொய் எழுத்துக்காக நாம ரெண்டு வருஷம் அலைஞ்சோம். இப்ப நானே அவங்களுக்கு ஒரு பொய்யை எழுதிக் கொடுக்கணுமா? நாளைக்கு இதையே காட்டி, தொலைஞ்ச செக்கை எவனோ எடுத்து மாத்திட்டான்னு சொன்னா?"

அட்டர்னி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லமாட்டாங்க. சரி, உங்க இஷ்டம்."

டிசம்பர் 4, வியாழக்கிழமை, புரோனியோ சொல்லச் சொல்ல நடந்தது நடந்தபடியே ஒரு பத்திரம் தயாரானது. வெள்ளிக்கிழமை பிற்பகல், பெபோத்தின் பேர், இருபத்தைந்து பேசோ, திங்கட்கிழமை, இஸ்திரிப் பெட்டி, உரிந்த எண்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பொய் கிடையாது. இரண்டு துண்டுகளையும் அதோடு இணைத்து செபுவுக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக மனைப்பணத்தைக் கட்டின. கட்டியவர்கள் வேலி போட்டார்கள். நெஸ்டோர் சுவருக்கே அஸ்திவாரம் தோண்டினார். மாலையில் யாராவது வேலியோரம் நின்று, "நோங், பேங்க்ல ஃபிரேம் போட்டு மாட்டிக்கச் சொன்னாங்களாமே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ரோவேலா மணிலா பக்கத்துக் கவீத்தேயிலிருந்து ஃபோன் செய்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வயர் முறுக்குகிற வேலை அவளுக்கு. "அப்பா, எங்க ஃபேக்டரியில கூடத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். புரோனியோ ஃபோனை ஹில்டாவிடம் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 19 வெள்ளிக்கிழமை பத்திரம் திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் சீட்டில் ஒரே வரி: உரிய படிவத்தில் அனுப்பவும்.

டிசம்பர் 22 காலையில் ஹில்டாவும் ரொட்டிக்கடை மாடிக்கு வந்தாள். அட்டர்னி பழைய பத்திரத்தை எடுத்துப் போட்டார். புரோனியோ பேனாவை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

"புரோனி, நான் இருபது வருஷமா அந்தக் குழாயடியில துணி துவைக்கறேன்" என்றாள் ஹில்டா. "எனக்கு அந்த மண்ணு வேணும். உன் சத்தியம் எனக்கு வேண்டாம். போடு."

போட்டார். விடாது தேடியும் கிடைக்கவில்லை என்பதற்குக் கீழே அவர் பேர் நீலத்தில் விழுந்தது. ஆனால் அதற்குள் செபு அலுவலகம் கிறிஸ்துமஸுக்கு மூடிவிட்டது. ஜனவரி 5இல் திறந்தார்கள். ஒரு டைரக்டர் கையெழுத்துப் போட்டார், இன்னொருவர் மணிலாவில் இருந்தார்.

புதுக் காசோலை ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை வந்தது. டின்சாயின் அறையிலிருந்து வங்கி அறுநூறு அடி. புரோனியோ காசோலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கும் நிற்காமல், எவரோடும் பேசாமல் போனார். ஜோவலின் அவரைப் பார்த்ததும் சிரித்தாள், பின்பக்கத்தைக் காட்டினாள். புரோனியோ ஒரு தடவை, அதற்குக் கீழே இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டார். இரண்டு அடையாள அட்டைகளை எடுத்து வைத்தார். ஜோவலின் கணினியில் தட்டினாள். சிரிப்புப் போயிற்று.

"நோங்... கணக்குல பணம் இல்ல."

"இருக்குன்னு மேனேஜர் சொன்னாரே."

"அப்ப இருந்தது. பன்னிரண்டாம் தேதி கோர்ட் ஆர்டர் வந்தது. ஆலைக்குச் சாக்கு வித்த வியாபாரி ஒருத்தர் தனியா கேஸ் போட்டிருந்தார் போல. மிச்சம் இருந்ததை அப்படியே எடுத்துட்டாங்க."

"மிச்சம்னா?"

"உங்க ஒருத்தர் பணம்தான் மிச்சம் இருந்தது நோங்."

காசோலையின் மேல் 'போதிய நிதி இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தாள். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டின்சாய் கைவிரித்தார். "எங்க புத்தகத்துல உங்களுக்குக் கொடுத்தாச்சு நோங். ரெண்டு தடவை கொடுத்தாச்சு. முதலாவதை நீங்க தொலைச்சுட்டீங்க. பத்திரம் இருக்கு." அட்டர்னி, புதிதாக வழக்குப் போட வேண்டும் என்றார். எத்தனை வருடம் என்று புரோனியோ கேட்டார். "நாலு. அஞ்சுன்னு வச்சுக்குங்க."

வீட்டில் ஹில்டா நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விரலால் எண்ணினாள்.

"டிசம்பர் ரெண்டாம் தேதி அவர் சொன்ன ஃபார்ம்ல நீ போட்டிருந்தா, பதினெட்டாம் தேதி செக்கு வந்திருக்கும். பத்தொம்பதாம் தேதி பணம். அந்தச் சாக்குக்காரன் ஜனவரி பன்னண்டுக்குத்தான் வந்தான்."

புரோனியோ நாள்காட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், ஹில்டா கொடுக்கவில்லை.

"இருபத்திநாலு நாள் புரோனி. பேங்க்ல நம்ம பணம் இருபத்திநாலு நாள் உனக்காக உக்காந்துகிட்டு இருந்திருக்கு. நீ யாருக்கு உண்மை எழுதிக்கிட்டிருந்தே?"

அவர் எழுந்து நெஸ்டோர் வீட்டுக்குப் போனார். எவரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வாழ்ந்தவர், வாசலில் நின்று கேட்டார். நெஸ்டோர் தன் மனைக்குக் கட்டியதுபோக மிஞ்சியது சுவருக்குப் போய்விட்டது என்றார். கப்பலிலிருக்கிற மகன் அனுப்பும் பணம் மகனுடைய பணம், தொடமுடியாது என்றார். சொல்லும்போது கையிலிருந்த சாந்துக் கரண்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 30 வெள்ளிக்கிழமை. புரோனியோ காலையிலிருந்து டின்சாயின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் தவணை கேட்டு எழுதிய மனு கையில் இருந்தது. ஐந்து மணிக்கு டின்சாய் வெளியே வந்து கதவைப் பூட்டினார். மனுவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது எந்த இழுப்பறைக்கும் போகவில்லை.

பிப்ரவரி 2 திங்கட்கிழமை நெஸ்டோர் வந்தார். உள்ளே வரவில்லை. படிக்கட்டின் கீழே நின்றார்.

"பாரே, மத்தவங்க சொல்லிக் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உன் மனையை என் பையன் வாங்கிட்டான். சனிக்கிழமை."

ஹில்டா அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டினாள். அது நெஸ்டோரின் கால் வரை வந்தது.

"யாராவது வாங்கத்தான் போறான் பாரே. எவனோ பக்கோலோத் டவுன்காரன் வாங்கி நாளைக்கே காலி பண்ணுன்னா என்ன பண்ணுவே? நானா இருந்தா நீ இங்கயே இரு. மாசம் ஐந்நூறு கொடு. அதுகூட, இருந்தா கொடு."

"பையன் பணம் தொடமுடியாதுன்னியே" என்றாள் ஹில்டா.

"பையன்தானே தொட்டான்."

"கேட்ட அன்னிக்கே நீ 'தரமாட்டேன்'னு சொல்லியிருந்தா உன்னை மனுஷன்னு நினைச்சிருப்பேன் நெஸ்டோர். நீ 'இல்ல'ன்னு சொன்னே."

நெஸ்டோர் புரோனியோவைப் பார்த்தார். புரோனியோ, "வாடகைக்கு இருக்க மாட்டோம்" என்றார். அவ்வளவுதான்.

கவீத்தேயில் ரோவேலாவுக்கு ஓர் அறை இருந்தது. ஓர் அறைதான்.

மண் போய்விட்டாலும் மண்ணுக்கு மேலிருந்தது அவர்களுடையது. பிப்ரவரி 21, சனிக்கிழமை, பழைய தகரமும் மரமும் வாங்குகிறவன் லாரியோடு வந்தான். கூரைத் தகரம் இருபத்தாறு, மரத்தூண் ஒன்பது, பலகை, ஜன்னல், கதவு. காலை ஏழு மணிக்குப் பிரிக்க ஆரம்பித்தார்கள், பதினொன்றரைக்கு ஆகாயம் தெரிந்தது. வியாபாரி தகரத்தை எடை போட்டான், மரத்தைக் கண்ணால் போட்டான். இடுப்புப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எச்சில் தொட்டு எண்ணினான். 11,340 பேசோ. ஹில்டா கதவுக்கு இன்னும் ஐம்பது கேட்டாள். இருபது சேர்த்துக் கொடுத்தான். பத்து நிமிடத்தில் ஒரு வீடு காசாயிற்று.

நெஸ்டோர் லாரியில் மரம் ஏற்றக் கை கொடுக்க வந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. கடைசித் தூண் ஏறியதும் அவர் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. அவர்கள் பஸ் ஏறும் வரை கூடப் பொறுக்கவில்லை. ஒரு முனையை வேலிக் கம்பில் கட்டிவிட்டுப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வாழை மரத்தருகே நின்று எண்ணினார். பிறகு மறுபடி எண்ணினார்.

"என்ன பாரே, பதினொண்ணரைதான் வருது. பன்னண்டுன்னு பத்திரத்துல போட்டிருக்கான். அரை மீட்டர் ஏமாத்திட்டானா?"

ஹில்டா மூட்டையின் மேல் உட்கார்ந்தபடி, "நல்லா இருக்கட்டும்" என்றாள், உரக்கவே. "வா புரோனி. பஸ் பன்னண்டேகாலுக்கு."

புரோனியோ எழுந்தார். பஸ் நிற்கும் பக்கம் போகாமல் வாழை மரத்தைச் சுற்றிப் பின்னால் போனார். குனிந்து காய்ந்த சருகுகளை ஒதுக்கினார். செருப்புக் காலால் மண்ணைத் தள்ளினார். ஆலையின் எழுத்து பொறித்த எல்லைக்கல் வெளியே வந்தது.

"கல்லு இங்க இருக்கு. வாழைக்கு அந்தப் பக்கம்" என்றார். "இங்க வரைக்கும் இழு."

நெஸ்டோர் கயிற்றை இழுத்து வந்தார். முனை கல்லின் மேல் விழுந்தது.

"பன்னண்டு" என்றார் நெஸ்டோர்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு பாரே."

"அகலத்தையும் பார்த்துக்க. அந்தப் பக்கம் கல்லு குழாயடிக்குக் கீழே புதைஞ்சிருக்கு. பத்து இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் புரோனியோ கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.